வீட்டில் ஆக்ஸிஜன் சிகிச்சை: யாருக்கு, எத்தனை மணி நேரம்?

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது குடும்பங்கள் பலவும் ஆக்ஸிஜன் செறிவூட்டிகளை வாங்கின. வீட்டில் இருக்கும் அக்கருவியை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி இப்போது எழுகிறது. மூச்சுத் திணறல் மட்டுமே அதற்குப் போதிய காரணம் ஆகாது.

நோய் கட்டுக்குள் உள்ள நிலையில், ஓய்வாக அமர்ந்திருக்கும்போது இரத்த ஆக்ஸிஜன் அளவு 88 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் நீடிப்பவர்களுக்கே இச்சிகிச்சை பெரிதும் பயன்படும். மீன்சுருட்டி போன்ற ஊர்களில் உள்ளோர், முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனிக் கருவியால் அளந்து பார்க்கலாம். முடிவெடுக்கத் தமனி இரத்தப் பரிசோதனையும் தேவை. அதற்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையை அணுக வேண்டும். அலைச்சல்தான், எனினும் தவிர்க்க இயலாதது.

நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்ஸிஜன் பெற்றவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்ததை 1981-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் அளிப்பதால் கூடுதல் நன்மை இல்லை என 2024-இல் சுவீடன் ஆய்வு தெரிவித்தது. குளிக்கவும் உண்ணவும் குழாயைக் கழற்றுவதற்குப் பராமரிப்பாளர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையான இடர்ப்பாடு மின்கட்டணம். ஏறத்தாழ 350 வாட் கருவி 15 மணி நேரம் இயங்கினால் நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்கு மேல் செலவாகும். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டைக் கடக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே திணறும்போது மட்டும் கருவியை இயக்குவது சில குடும்பங்களின் வழக்கமாகிறது. அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் அவ்வாறு இயக்கினால் ஆயுளை நீட்டிக்கும் பயன் கிட்டாது. கருவியைப் பரிந்துரைக்கும் நாளிலேயே இச்செலவையும் மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மின்தடைக்கு மாற்றாக 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் ஒன்றை வைத்திருந்தால், நிமிடத்திற்கு 1 லிட்டர் வீதம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும்.

மருத்துவர் குறித்த அளவைத் தாங்களாகவே உயர்த்தாதீர்கள். சிலருக்கு மிகுதியான ஆக்ஸிஜனால் உடலில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, வழக்கத்திற்கு மாறான உறக்கம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தென்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். விறகடுப்பு, ஊதுவத்தி, பீடி ஆகியவற்றின் அருகே கருவியை ஒருபோதும் வைக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிலருக்கு அதன்பின் ஆக்ஸிஜன் தேவைப்படாமலும் போகலாம்.