ஓவனுக்குள் ஒளிந்திருக்கும் பஞ்சு!

ஓவன் வாங்கக் கடைக்குப் போனால் என்னென்ன பார்ப்பீர்கள்? எத்தனை லிட்டர், எத்தனை வாட்ஸ், என்ன கலர், எத்தனை வருஷம் காரண்டி... இவ்வளவுதானே? உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

“சித்த வைத்தியருக்கும் ஓவனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. சூட்டை அடைத்து வைப்பது எங்கள் தொழிலில் பாதி! பற்பம் செய்ய வேண்டுமென்றால், மருந்தை அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலால் மூடி, சீலைமண் செய்து, வரட்டிக்கு நடுவில் வைத்துப் புடம் போடுகிறோம். மணல், உமி எல்லாமே எங்களுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் சரக்குகள். ராத்திரி அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் ஊதி நெருப்பு உண்டாக்கினார்களே நம் பாட்டிமார், அதுவும் இதே வித்தைதான். துகள்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட காற்று, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. ஓவனுக்குள் இருக்கும் பஞ்சும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

சரி, அது என்ன பஞ்சு?

இன்றைய பெரிய ஓவன்களில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடிப் பஞ்சு, அதாவது கிளாஸ் வூல். சிலவற்றில் பாறையை உருக்கி இழையாக்கிய ராக் வூல். சிறிய ஓடிஜிகள் பலவற்றில் பஞ்சே கிடையாது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் வெறும் காற்றுதான். அதனால்தான் அதன் மேல் பக்கம் கையை வைத்தால் ‘சுரீர்’ என்கிறது. மைக்ரோவேவ் கதை வேறு. அங்கே சூடாவது உணவுதான். சுவரில் கனமான பஞ்சுக்கு வேலையில்லை.

கண்ணாடிப் பஞ்சு தோலில் பட்டால் அரிக்கும். தூளாகிப் பறந்தால் கண் கரிக்கும், தொண்டை கமறும். மற்றபடி, தகட்டுக்குள் மூடியிருக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2002-ல் வெளியிட்ட அறிக்கையில், இன்சுலேஷனுக்கான கண்ணாடிப் பஞ்சையும் ராக் வூலையும் ‘புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவை’ என்ற பட்டியலில்தான் வைத்தது. கடும் சூடு தாங்கும் உலைகளுக்குப் போடுகிற செராமிக் பஞ்சைத்தான் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. ஆகவே, புது ஓவன் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக பிஸ்கட் சுடலாம்.

நான் கவலைப்படுவது பழைய சாமான்களைப் பற்றி.

‘இயற்கை’ என்றால் நல்லதா?

பரணில் தூங்கும் பழைய எலெக்ட்ரிக் ஓவன், அந்தக் காலத்து கனமான இஸ்திரிப் பெட்டி... இவற்றுக்குள்ளே சாம்பல் வெள்ளை நிறத்தில் ஓர் அட்டையோ, கதவு ஓரத்தில் ஒரு கயிறோ இருந்தால், அது கல்நாராக இருக்க வாய்ப்புண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். கண்ணால் பார்த்து ‘ஆம், இல்லை’ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். பழைய சாமான் என்றால் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் என் சொந்த வைத்தியத்தைப் பற்றியே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கல்நார் எங்களுக்குப் புதிய சரக்கு அல்ல. வெள்ளைப்படுதலுக்கும் நீர்க்கடுப்புக்கும் கல்நார் பற்பம் சித்த மருத்துவ நூல்களில் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் சிலர், “மண்ணிலிருந்து எடுத்ததுதானே, பெரியவங்க சொன்னதுதானே, அது என்ன பண்ணிடும்?” என்கிறார்கள். பண்ணும்! கல்வத்தில் அரைப்பவர் மூச்சில் ஏறினாலும், ஓவனைச் சுரண்டுபவர் மூச்சில் ஏறினாலும் அது ஒரே இழைதான். பாம்பு விஷமும் இயற்கைதானே? என் மருந்துப் பெட்டியில் கல்நாருக்கு இடமில்லை. அதே தொல்லைகளுக்குக் கொடுக்க நம்மிடம் மூலிகைகள் எத்தனையோ இருக்கின்றன.

கல்நார் இழை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். உடம்பால் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைப் பிடிக்கும் மெசோதீலியோமா, இந்த மூன்றும் அது தரும் பரிசுகள். அதுவும் உடனே இல்லை... 20, 30, 40 வருஷம் கழித்து! புகை பிடிப்பவராக இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

எங்கோ ஒரு தடவை லேசாகப் பட்டதற்காக யாரும் நடுங்க வேண்டாம். வருஷக்கணக்கில் அந்தத் தூசியிலேயே வேலை பார்த்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. ஆனால், ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதகமே இல்லை’ என்று ஓர் எல்லைக்கோடு இதுவரை கண்டறியப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே முழுவதுமாகத் தடை செய்தது. நம் நாட்டில், கல்நார்த் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவுகளைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோய் எவ்வளவு நிதானமாக வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்வதை நாம் இன்னும் நிறுத்தியபாடில்லை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* பழைய ஓவனின் உள் அட்டையைச் சுரண்டாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனரும் போடாதீர்கள். தூசியைப் பறக்க விட்டால்தான் ஆபத்து.

* “திருப்பி ஓட வெச்சிடலாம்மா” என்று மெக்கானிக் சொன்னாலும் வேண்டாம். இருநூறு, முந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் அவர் நுரையீரலையும் சேர்த்துப் பணயம் வைக்காதீர்கள்.

* காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே ஒரு பையன் மாஸ்க் கூட இல்லாமல் சுத்தியலால் அதை உடைப்பான். நம் வீட்டுக் குப்பை அவன் நெஞ்சுக்குள் போக வேண்டுமா? பிளக்கைக் கழற்றி, உடைக்காமல், தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி, மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதாரப் பிரிவில் ‘அபாயக் கழிவு’ என்று சொல்லிக் கேளுங்கள். அலைச்சல்தான், ஆனாலும் அலையுங்கள்.

இதையெல்லாம் செய்யுங்கள்

* புது ஓவனை முதல் தடவை காலியாக ஓடவிடுங்கள். பஞ்சில் உள்ள பசையும், தகட்டில் பூசிய எண்ணெயும் கொஞ்சம் புகையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

* குக்கருக்கு இருப்பது போலப் பெரிய ஓவன் கதவுக்கும் கேஸ்கெட் உண்டு. ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். சூடும் மின்சாரமும் வீணாகாது.

* சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். ஹீட்டர் கம்பியில் மட்டும் படக்கூடாது. தண்ணீரை ஊற்றிக் கழுவினால் ஈரம் பஞ்சுக்குள் இறங்கிவிடும். நனைந்த பஞ்சு சூட்டைத் தடுக்காது. ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு.

* ஓடிஜியைச் சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி வையுங்கள். சூடாக இருக்கும்போது மேலே துணி போட்டு மூடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

* எலிக்குக் கண்ணாடிப் பஞ்சு மெத்தை மாதிரி! ஓவன் சூடானதும் மூத்திர வாடை அடித்தால், எலி உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். கம்பெனி ஆளைக் கூப்பிட்டுப் பஞ்சையே மாற்றச் சொல்லுங்கள்.

வாசக அன்பர்களே! எண்ணெய் வாங்கும்போது கலப்படமா என்று கேட்கிறீர்கள். காய்கறியில் பூச்சிமருந்தா என்று கேட்கிறீர்கள். ஓவன் விற்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: “உள்ளே என்ன பஞ்சு போட்டிருக்கீங்க?” பதில் தெரியாமல் அவர் முழித்தால், தெரிந்த கடைக்குப் போங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்கு அவர் பதில் வைத்திருப்பார்!