நீச்சல் தெரியும், நீந்தத் தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

‘நீச்சல் தெரிந்தவர் யார்?’ என்று சென்ற ஆண்டு உடற்கல்வி ஆசிரியர் கேட்டபோது, முதலில் கை உயர்த்தியவன் நான். சிற்றூர் மாணவனிடம் இதைக் கேட்கவும் வேண்டுமா? எட்டு வயதில் என் தாய்மாமன் முதுகில் காலிப் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார். சில நாள்களில் கேன் இல்லாமலே கரை சேர்ந்தேன்.

அந்தப் பெருமையெல்லாம் 50 மீட்டர் நீச்சல் குளத்தில் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. மூச்சு வாங்கியது, கால்கள் கனத்தன, ஓரக் கம்பியைப் பற்றிக்கொண்டேன். கிணற்றில் நான்கு வீச்சில் மறுகரை வந்துவிடும். ஆகவே என் பிழை எனக்கே தெரியாமல் பதினோரு ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்திருக்கிறது!

என்ன பிழை? தலையை நீருக்கு மேலே தூக்கியபடியே நீந்தினேன். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். உடலுக்கு நீரின் தடை மிகும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. மற்றொன்று, மூச்சை அடக்கிக்கொண்டேன். அடக்கினால் உடலில் கரியமில வாயு சேர்ந்து திணறல் உண்டாகிறது. முகம் நீருக்குள் இருக்கும்போதே மெல்ல மூச்சை விட்டு, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி உள்ளிழுக்க வேண்டும். முழங்காலை மடக்கி உதைக்காமல் இடுப்பிலிருந்து காலை அசைக்க வேண்டும். மிதப்பு விசையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற நான், அதை என் உடம்பில் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

திருத்திக்கொள்ள இரண்டு மாதங்கள் ஆயின. குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடப் பழகியபோது சிறுவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்றோருக்குத் ‘தெரியாது’ என்று சொல்லக் கூச்சம் அதிகம். அந்தக் கூச்சத்தை விட்ட நாளில்தான் கல்வி தொடங்குகிறது என்பது என் கருத்து.

‘ஊரில் பிழைக்கக் கிணற்று நீச்சல் போதாதா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஏரியின் நடுவே கை தளர்ந்தால் பற்றிக்கொள்ள ஓரக் கம்பி ஏது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கைக்கு அந்தக் கேனைக்கூட யாரும் கட்டவில்லை. ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நீச்சல்?’ என்றார்கள். ஆனால் எங்கள் வீட்டில் துணி துவைக்க நாள்தோறும் ஏரிக்குப் போகிறவள் அவள்தான்! இந்தக் கோடை விடுமுறையில், இடுப்பளவு நீரில் நிறுத்தி, முதலில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தேன். அம்மா முதலில் தடுத்தார். பிறகு கரையில் நின்று எண்ணத் தொடங்கினார்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர், மாணவியர் இருபாலாருக்கும் பதினைந்து நாள் நீச்சல் பயிற்சி அளிக்க வேண்டும். தெரியாதவர்கள் கற்க வரட்டும். தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ள வரட்டும். மாமா எனக்குத் துணிவைத் தந்தார். கல்லூரி முறையைத் தந்தது. இரண்டும் இருந்தால்தான் கரை சேரலாம்.