துப்பாக்கிக்கும் பிறவியா?

கோட்டக்குப்பத்திற்கு வடக்கே, மரக்காணம் உப்பளங்களை அடுத்த கழுவெளியைச் சர்க்கார் 2021-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக்கியதை நாம் வரவேற்கிறோம். அங்கே பறவையைச் சுட்டால் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்; லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இன்னொரு கேஸ். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்பீர்கள். அதுதான் இல்லை!

குடகில், குடகராய்ப் பிறந்தவருக்கும் ஜம்மா நிலக்காரருக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சே வேண்டாம். வேட்டை அங்கும் கூடாதுதான். துப்பாக்கி மட்டும் பிறப்போடு வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகையான இதை இந்திய சர்க்கார் 2019-ல் மேலும் பத்து வருஷத்திற்கு நீட்டிற்று. 2021-ல் கர்நாடக ஹைக்கோர்ட்டும் சரியென்றது. அத்துப்பாக்கிக்கு வருஷா வருஷம் பூச்சூட்டிப் பூஜை வேறு!

நரிக்குறவத் தோழர்களும் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடிப் பிழைத்தவர்கள்தானே? பூஜைக்கு வைத்திருப்பவனுக்குப் பிறப்பே லைசென்ஸ், வயிற்றுக்கு வைத்திருந்தவனுக்கு லாக்கப்பா? வேட்டைத் தொழிலைச் சட்டம் பறித்து 51 வருஷம் கழித்து, 2023-ல்தான் அவர்களைப் பழங்குடிப் பட்டியலிலேயே சேர்த்தார்கள்.

அவர்களுக்கும் துப்பாக்கி கொடு என்று நாம் கேட்கவில்லை. யாராயிருந்தாலும் மனுப்போட்டு லைசென்ஸ் வாங்கட்டும். தொழிலை இழந்தவருக்கு மனைப்பட்டாவும் பிள்ளைகளுக்குப் படிப்பும் சர்க்கார் கொடுக்கட்டும். 2029-ல் அந்தப் பிறவிச் சலுகையின் கெடு முடிகிறது. மறுபடியும் அதை நீட்டக் கூடாது.