லயத்து வீட்டு இசைத்தட்டுகள் குப்பைக்குப் போகலாமா?

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சிடி 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல் முறை. இங்கேயும் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் பழைய தட்டுகளை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள்.

கோல சிலாங்கூர் பக்கம் கதை வேறு. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோகும்போது, முதலில் கழிக்கப்படுவது தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டிதான்.

தட்டில் ஒலி கூடுதல் இனிமை என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கீறல் விழுந்த தட்டு கீறல் விழுந்ததுதான். ஆனால் அன்று ஒரு வீட்டில் தட்டு சுழன்றால் லயமே கேட்டது. இன்று பாட்டு அவரவர் காதோடு நின்றுவிடுகிறது.

சினிமாப் பாடல்கள் யூடியூப்பில் கிடைத்துவிடும். நம் உள்ளூர்ப் பாடகர்கள் பாடிய தட்டுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கூட அந்த உறையில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

வீடு மாறுகிறவர்கள் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளூர்த் தட்டு இருந்தால் உறையின் இருபக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். தகரக் கூரைச் சூட்டில் அவை வளைந்துவிடும்.