ஒன்பதாவதாக வந்த சாந்தம்



மன அமைதியைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் பலர் ஒரு வருத்தத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இத்தனை வயதாகியும் கோபம் வருகிறது, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கிவிடுகிறது, பயம் விட்டபாடில்லை. இவையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அமைதி வரும் என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். நம் முன்னோர் அப்படிப் பார்க்கவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் 8 மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. வெகுளிக்குச் சொல்லும் நான்கைப் பாருங்கள்: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் வருத்துதல், கொலை. கோபத்தைக் குற்றமாக்காமல், அது எதனால் வருகிறது என்றே அந்த நூல் கேட்கிறது. அமைதிக்கு நெருக்கமான நடுவுநிலை அந்த எட்டில் இல்லை. அடுத்து வரும் 32 மெய்ப்பாடுகளில் ஒன்றாக, இன்புறலுக்கும் அருளலுக்கும் நடுவே இருக்கிறது. அதே வரிசையில்தான் நாணமும் பொறாமையும் நடுக்கமும் வருகின்றன. இவற்றை ஒன்றாக உட்காரவைத்த அந்த மனத்தை நினைத்தாலே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலும் முதலில் எட்டு ரசங்கள், அதாவது சுவைகள்தான். அமைதியைக் குறிக்கும் சாந்தம் பின்னாளில் ஒன்பதாவதாக வந்தது. அதைச் சேர்க்கலாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். எல்லாம் அடங்கிய நிலையை மேடையில் நடித்துக் காட்டுவது எப்படி என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், மகாபாரதத்தின் தலையாய ரசமே சாந்தம்தான் என்றார். பதினெட்டு நாள் போரும் பழிவாங்கலும் நிறைந்த கதையில் சாந்தமா? கதையின் முடிவைப் பாருங்கள் என்கிறார் அவர். யாதவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மடிகிறார்கள். வென்ற பாண்டவர்களும் எல்லாவற்றையும் துறந்து நடந்து, வழியில் தருமரைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அத்தனை சினத்தையும் சோகத்தையும் கடந்து வந்த பிறகுதான் படிப்பவர் மனம் அடங்குகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே மண்ணில் வந்த அபிநவகுப்தர் இன்னும் ஆழமாகப் போனார். காதல், சிரிப்பு, சோகம், சினம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஆன்மாவே சாந்தத்தின் நிலைக்களம் என்றார். நெருக்கமில்லாமல் மணி கோத்த மாலையில் இடையிடையே வெள்ளை நூல் தெரிவதுபோல, உணர்ச்சிகளுக்கு நடுவே அது தெரியும் என்பது அவர் காட்டிய உவமை. நூலைப் பார்ப்பதற்காக மாலையை அறுக்க வேண்டியதில்லை.

இதை நம் வடமாவட்டக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்கள் அறிவார்கள். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில், பார்க்கிறவர்கள் முந்தானையாலும் துண்டாலும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் யாரும் எழுந்து போவதில்லை. விடியும்வரை இருந்து அழுதுவிட்டு, மனம் லேசாகி வீடு திரும்புகிறார்கள். மேடையில் காணும் துயரம் என்னுடையது, இன்னொருவருடையது என்ற பிரிவு அப்போது விலகிவிடுவதே காரணம் என்றார்கள் ரசக் கோட்பாட்டு அறிஞர் பட்டநாயகரும் அபிநவகுப்தரும். துயரம் முழுமையாக இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற 'நான்' மட்டும் சற்று விலகி நிற்கிறது. வீட்டில், வேலையிடத்தில் இந்த விலகல் அவ்வளவு எளிதாகக் கூடுவதில்லை. "எனக்குப் போய் இப்படிச் செய்துவிட்டார்களே" என்ற எண்ணம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. கூத்துக் களத்தில் சில மணி நேரமாவது அந்த விலகல் நமக்குக் கைகூடியிருக்கிறது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூத்தோ நாடகமோ கச்சேரியோ, அப்படித் தன்னை மறந்து நீங்கள் அழுத இரவு ஒன்று இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் கட்டத்தில் கண் கலங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்