கட்டத்துள் அடங்காத நாள்

2025 பெப்ரவரி 26 சிவராத்திரி என்று கைத்தொலைபேசி நாட்காட்டி காட்டிற்று. அதனை நம்பி, 27ஆம் திகதி அதிகாலைப் புகையிரதத்துக்குக் கண்டியிலே இடம் பதிந்துவிட்டோம். நான்காம் யாமப் பூசை விடியற்புறத்தில் அல்லவா நிறைவுறும்? இரவெல்லாம் விழித்திருந்த தாயாரைக் கோயிலில் தனியே விட்டு நாம் புறப்பட நேர்ந்தது.

யூதரும் இவ்விடரை அறிவர். அவர்க்கு நாள் பிறப்பது சூரியன் மறையும் வேளையில். 2025இல் யோம் கிப்பூர் உபவாசம் ஒக்டோபர் 1 மாலையிலேயே தொடங்கிற்று. நாட்காட்டியிலோ 2ஆம் திகதிக் கட்டத்திலேயே அப்பெயரைக் காணலாம். கட்டத்தை மட்டும் நம்பினவர், உண்ணலாகாத இரவில் உண்டிருப்பார்.

கருவிக்கு நள்ளிரவில் நாள் மாறும். விரதங்களோ கதிரவனையும் திங்களையும் பார்த்து நடப்பவை. வாசகர்களே, திகதியைக் கருவியிற் காணுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் பஞ்சாங்கத்திற் பாருங்கள். வீட்டு முதியோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் கேட்கத் தவறினோம்.