கடலடியில் திரியும் மௌனம்

அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆயும் தேயிலை, கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறியே உலகச் சந்தையை அடைகிறது. நமது பசளையும் எரிபொருளும் கோதுமையும் அதே கடல்வழியாகவே வருகின்றன. கடலைக் கண்டறியாத தோட்டத் தொழிலாளியின் அடுப்பும் கடலை நம்பியே எரிகிறது. ஆகவே, அக்கடலின் அடியில் நிகழ்வது மலைநாட்டுக்குப் புறம்பான செய்தியன்று.

1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா தன் கடற்படையில் சேர்த்த ‘நோட்டிலஸ்’, அணுசக்தியால் இயங்கிய முதல் நீர்மூழ்கி. டீசல் எந்திரத்துக்குக் காற்று வேண்டும். அணு உலைக்கோ காற்று வேண்டியதில்லை. உள்ளிருப்போரின் உணவு தீரும்வரை அக்கலம் மாதக்கணக்கில் மூழ்கியே திரியலாம். ஆயினும், அதன் பெரும்பலம் மௌனமே. தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை சுழலும் அதிர்வு லயங்கள்வரை எட்டுவதை நாம் அறிவோம். அவ்வாறே நீர்மூழ்கியின் பம்பிகளும் பற்சக்கரங்களும் எழுப்பும் அதிர்வு நீரிற் பரவி, பகைவனுக்கு அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் எந்திரங்களை றப்பர்த் தாங்கிகளின்மீது அமைக்கின்றனர். உடலின் வெளிப்புறத்தை றப்பர் ஓடுகளால் போர்த்துகின்றனர். மேல்நீரின் வெம்மைக்கும் கீழ்நீரின் குளிர்மைக்கும் இடையே ஒலி வளைந்துவிடுவதால், அந்த எல்லைக்குக் கீழே கலம் ஒளிந்துகொள்கிறது.

இவை தொலைதூரக் கதைகள் அல்ல. இந்தியா, சோவியத் நாட்டிடமிருந்து 1988 முதல் 1991 வரையும், ருஷ்யாவிடமிருந்து 2012 முதல் 2021 வரையும் அணுசக்தி நீர்மூழ்கிகளைக் குத்தகைக்கு வைத்திருந்தது. இரண்டாவது கலத்தின் வெள்ளோட்டத்தில், 2008 நவம்பரில், தீயணைக்கும் வாயு பரவி 20 பேர் மூச்சடைத்து மாண்டனர். 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் இருமுறை நின்றது. அது டீசல் கலமே. எனினும் டெல்லி கலக்கமுற்றது. 2021இல் அவுஸ்திரேலியா, பிரித்தானியாவுடனும் அமெரிக்காவுடனும் கூடி அணுசக்தி நீர்மூழ்கிகளைப் பெற உடன்பாடு கண்டது. யானைகள் இறங்கும் குளத்தில் மீன்களுக்கு அமைதி ஏது?

1971 டிசம்பர் 16ஆம் நாள், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்தது. முன்னின்று கேட்டது சிறிமாவோ பண்டாரநாயக்காவின் இலங்கை அரசாங்கம். நல்ல காரியம். ஆனால் வல்லரசுகள் அதனை மதிக்கவில்லை. தீர்மானம் ஏட்டிலேயே உறங்கிற்று.

சின்னஞ்சிறு நாடு என்ன செய்ய இயலும் என்று கேட்போர் நியூசிலாந்தை நோக்குக. 1987இல் அந்நாடு, அணுசக்தியால் இயங்கும் கப்பல்கள் தன் உள்நீர்ப்பரப்பில் நுழைவதைச் சட்டத்தால் தடுத்தது. அமெரிக்கா முகஞ்சுளித்தது; நியூசிலாந்து அழிந்துவிடவில்லை. பெருங்கடலில் செல்லும் கலத்தை நாம் தடுக்க இயலாது. ஆனால் கொழும்பும் திருகோணமலையும் அம்பாந்தோட்டையும் நம் துறைமுகங்கள் அல்லவா?

அத்தகைய சட்டமொன்றைப் பாராளுமன்றம் இயற்றவேண்டும். அந்நியக் கடற்படைகளோடு செய்யும் உடன்படிக்கைகளை மும்மொழிகளிலும் மக்கள்முன் வைக்கவேண்டும். கொழும்பும் டெல்லியும் மூடிய அறையில் பேசினால் யாது விளையும் என்பதை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1964 ஒக்டோபரில், 525,000 பேரைக் கடல்கடத்த உடன்பட்டபோது, அம்மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கடலடியிற் கலங்கள் ஓசையின்றித் திரிகின்றன. கரையில் வாழும் நாமும் ஓசையின்றி இருத்தல் தகாது.